சங்கக் கமராவில் தெரிந்த ஆள்

எங்கள் துறையில் மீன்பிடிச் சங்கத்துக்குச் சொந்தமான ஒரு கமரா இருக்கிறது. அதற்கு முன்னால் யார் நடந்தாலும் திரையில் புகைதான் நடக்கும். அந்தப் புகையைப் பார்த்துத்தான் சங்க நிர்வாகம் ஏழு பேரும் ஒரே வாயாக, அது என் புருசன் றொட்னி என்று சொன்னார்கள்.

நடந்தது இதுதான். ஒரு வியாழக்கிழமை காலை, படகுகளெல்லாம் கடலில் நிற்கிற நேரம், சிங்கராசாவின் படகிலிருந்த பதினைந்து குதிரைவலு எஞ்சினை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். சிங்கராசா வெள்ளாங்குளத்தில் ஒரு செத்தவீட்டுக்குப் போயிருந்ததால் அவருடைய படகு அன்று கரையில் நின்றது. எடுத்தவர் எஞ்சினைத் தோளில் வைத்துக்கொண்டு, சூரியன் கிளம்பிய பிறகு கரையால் நடந்துபோனது கமராவில் பதிவாகியிருக்கிறது. இவ்வளவும் உண்மை. இதற்கு மேலே சொல்லப்பட்டதெல்லாம் நிர்வாகம் கதிரையில் இருந்தபடி கட்டிய கதை.

அன்று கடலுக்குப் போகாமல் நின்றவர்களில் றொட்னியும் ஒருவர். இரண்டு நாட்களுக்கு முன்னர் வலது கையில் திருக்கை முள் குத்தி, கை பணிஸ் ரொட்டி மாதிரி உப்பி வீங்கியிருந்தது. எங்கள் துறைக்கு ஐஸ் கொண்டுவருகிற ஜுனைட்தான் முள் குத்திய அன்று அவரைத் தன் லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். அந்தக் கையால் அவருக்குச் சோறு பிசையவே முடியவில்லை, நான்தான் ஊட்டிவிட்டேன். அப்படிப்பட்டவர் நாற்பது கிலோ எஞ்சினை எப்படித் தூக்குவார் என்று நான் கேட்டபோது, சங்கத் தலைவர் அமிர்தநாயகம் யோசிக்கவேயில்லை.

"மற்றக் கை இருக்குதுதானே பிள்ளை" என்றார்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். என் பெயர் டிலோஜினி. மன்னார் பஸாரில் அப்துல் ஹமீட் நானாவின் கண்ணாடிக் கடையில் பதினொரு வருடமாக வேலை செய்கிறேன். லென்ஸை பிறேமின் அளவுக்கு வெட்டித் தேய்த்துப் பொருத்துவது என் வேலை. கண்ணாடி என்று பழக்கத்தில் சொல்கிறோமே தவிர, இப்போது யாருடைய மூக்கிலும் உண்மையான கண்ணாடி இல்லை. எல்லாம் பிளாஸ்ரிக். அதைச் சேலைத் தலைப்பால் துடைப்பார்கள், சாரத்தால் துடைப்பார்கள், எச்சில் தொட்டும் துடைப்பார்கள். படகின் முன் அணியத்தில் வெயிலில் காயப்போட்டுவிட்டு, மஞ்சளாகி மேற்பூச்சு வெடித்த பிறகு கடைக்கு வந்து, நீங்கள் எங்களை ஏமாற்றிவிட்டீர்கள் என்று சண்டை பிடிப்பார்கள். இந்தச் சனத்தோடு பதினொரு வருடம் பழகியதில் எனக்குப் பொறுமை வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது.

கமராவின் கதையும் கோபம் வருகிற கதைதான். நான்கு வருடங்களுக்கு முன்னர் பிரான்சில் இருக்கிற எங்கள் ஊர்க்காரர் ஒருவர் அதை அன்பளிப்பாக அனுப்பினார். நாடா வெட்டி, குத்துவிளக்கு ஏற்றி, பொன்னாடை போர்த்தி, வந்தவர்களுக்கெல்லாம் ரோல்சும் பிளேன்ரீயும் கொடுத்தார்கள். கமரா பாதித் தேங்காய் அளவு. அதை அன்பளித்தவரின் பெயர்ப்பலகை கதவளவு. இரண்டையும் ஒரே கம்பத்தில் ஒரே இரும்பில் பூட்டினார்கள். பெயர்ப்பலகை வீதிக்குத் தெரிய வேண்டும் என்று தலைவர் பிடிவாதம் பிடித்தார். பெயர்ப்பலகை வீதியைப் பார்த்தால் கமரா கிழக்கைப் பார்க்கும். ஆகவே நான்கு வருடமாக ஒவ்வொரு காலையும் சூரியன் கமராவின் முகத்துக்கு நேரே கிளம்புகிறது. ஊருக்குப் பெயர் தெரிய வேண்டும், கமராவுக்குக் கள்ளன் தெரியாவிட்டாலும் பரவாயில்லை.

கமராவுக்கு முன்னால் கவிழ்த்த கிண்ணம் மாதிரி ஒரு மூடி இருக்கும். அது பொலிகாபனேற் என்கிற பிளாஸ்ரிக். சுத்தியலால் அடித்தாலும் உடையாது. ஆனால் வெயில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். வெயிலில் கண்ணுக்குத் தெரியாத புறஊதாக் கதிர் இருக்கிறது. அது பிளாஸ்ரிக்கின் உள் இழைகளை வெட்டிக்கொண்டேயிருக்கும். முதலில் மஞ்சள் பிடிக்கும், பிறகு மேலே மயிர் அளவுக்கு வெடிப்புகள் ஓடும். இது தெரிந்துதான் தொழிற்சாலையில் அதன்மேல் மெல்லிய ஒரு பூச்சுப் பூசி அனுப்புகிறார்கள். எங்கள் மூடிக்கும் அந்தப் பூச்சு இருந்தது. சங்கச் செயலாளர் ஜஸ்ரின் அதை முதல் வருடத்திலேயே உரித்து எடுத்துவிட்டார்.

ஜஸ்ரின் பைபர் படகு திருத்துகிறவர். கெட்டிக்காரர்தான், அதில் பிழை சொல்ல மாட்டேன். ஆனால் உலகத்தில் உள்ள எல்லாச் சாமானும் படகு என்று நினைக்கிறவர். முதலாவது திருநாளுக்குக் கோவிலுக்கு வெள்ளை அடித்தபோது, கமராவையும் சும்மா விடக்கூடாது என்று ஏணி வைத்து ஏறினார். படகுக்குச் செய்கிற மாதிரியே வோட்டர் பேப்பர் என்கிற நுண்ணிய உரைதாள் போட்டுத் தேய்த்தார். தேய்த்த தூசு போக அசற்றோன் ஊற்றித் துடைத்தார். பைபர் அதில் மினுங்கும். பொலிகாபனேற் அதில் பால் மாதிரி வெளிறும். வெளிறினது கடல் உப்பு என்று நினைத்து இன்னொரு தரம் தேய்த்தார். இப்படி நான்கு திருநாள், நான்கு தேய்ப்பு. தோலை உரித்து வெயிலில் நிறுத்திவிட்டு, வருடத்துக்கு ஒருமுறை அந்தப் புண்ணையும் தேய்த்தால் என்ன ஆகும்? மூடி பழைய தேநீர்ச் சாயம் பிடித்த நிறத்துக்கு வந்துவிட்டது. சங்கத்தின் ஆண்டறிக்கையில் "கமரா சிறந்த முறையில் பராமரிக்கப்படுகின்றது" என்று நான்கு வருடமும் எழுதியிருக்கிறார்கள்.

எஞ்சின் போன அடுத்த ஞாயிறு, பூசை முடிந்த கையோடு சங்க அலுவலகமான கந்தோரில் றொட்னியைக் கூப்பிட்டு இருத்தினார்கள். நான் கூப்பிடாமலே போய் வாசலில் நின்றேன். திரையில் பதிவைப் போட்டார்கள். மூலையில் திகதி, இரண்டாயிரமாம் ஆண்டு சனவரி முதலாம் நாள் என்று இருந்தது. கரண்ட் போய் வந்தால் பதிவுப் பெட்டி தான் பிறந்த நாளுக்குத் திரும்பிவிடும், அதைத் திருத்த யாருக்கும் தெரியாது. பிறகு மஞ்சள் வெளிச்சம் ஒன்று திரை முழுக்கப் பரவியது. அதற்குள் உருண்டையாக ஏதோ ஒன்று அசைந்தது. மூடியின் வெடிப்பெல்லாம் சூரியனை வாங்கிச் சிதறடித்ததில் தலை இருக்க வேண்டிய இடத்தைச் சுற்றி ஓர் ஒளிவட்டம். நிர்வாகத்தில் ஒருவர் தன்னையறியாமல் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். எஞ்சின் கள்ளனுக்குத்தான் போட்டேன் என்று விளங்கியதும் கையை மெதுவாகத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டார்.

"தோளைப் பாருங்கோ, சரிஞ்சிருக்கு" என்றார் ஜஸ்ரின். "றொட்னிக்கும் இடது தோள் சரிவு."

"நடையே சொல்லுதே" என்றார் அமிர்தநாயகம். "இவன்ர அப்பரும் இப்பிடித்தான் நடக்கிறவர்."

நாற்பது கிலோவைத் தோளில் வைத்தால் எவனுக்கும் தோள் சரியும். றொட்னியின் அப்பர் இறந்தது சுனாமிக்கு முந்தின வருடம். அவருடைய நடையை அந்தப் புகைக்குள் கண்டுபிடித்த தலைவருக்கு, பக்கத்தில் நிற்கிற பெண்சாதியைக் கண்ணாடி இல்லாமல் தெரியாது. அவருக்குக் கண்ணாடி வெட்டிக் கொடுத்தவள் நான். ஆனால் றொட்னி ஏன் தெரிந்தார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். போன பொதுக்கூட்டத்தில், சங்கத்தின் ஐஸ் அறைப் பூட்டின் திறப்பு ஏன் எந்நேரமும் தலைவர் வீட்டில் கிடக்கிறது என்று எழும்பிக் கேட்ட ஒரே ஆள் அவர்தான். அன்றிலிருந்து எந்தப் புகையிலும் அவருடைய முகம் தெரியத் தொடங்கிவிட்டது.

நான் வாசலைத் தாண்டி உள்ளே போனேன்.

"அண்ணை, அந்த மூடி பழுதாப்போச்சு. வெயில் பட்டுப் பட்டு மங்கிப்போய்க் கிடக்கு. அதுக்குள்ளால ஆரையும் அடையாளம் காணேலாது."

"பிள்ளை, அது வெளிநாட்டுச் சாமான்" என்றார் தலைவர்.

"வெளிநாட்டுச் சாமானுக்கும் வெயில் அடிக்கும்."

"நான் ஒவ்வொரு திருநாளுக்கும் ஏறித் துடைக்கிறனான்" என்று ஜஸ்ரின் முகத்தைச் சுழித்தார்.

"அதுதான் அண்ணை நானும் சொல்லுறன். நீங்கள் துடைச்சதாலதான் இப்பிடி. ஒருக்காக் கழட்டித் தாங்கோ, காட்டுறன்."

அதற்கு அவர்கள் சம்மதிக்கவில்லை. கமரா சாட்சியாம், சாட்சியில் கை வைக்கக்கூடாதாம். தீர்மானம் எழுதினார்கள்: அடுத்த ஞாயிறுக்குள் றொட்னி எஞ்சினைக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் இந்தப் பருவம் முழுக்க அவருடைய படகு கடலில் இறங்கக்கூடாது. அன்றைக்கே படகுக்குச் சங்கிலி போட்டார்கள். றொட்னிக்குக் கடலைத் தவிர வேறு தொழில் தெரியாது. வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்தவர் இருட்டும் வரைக்கும் எழும்பவில்லை. அடுத்த நாள் எங்கள் மகள் பிறின்சி பள்ளிக்கூடத்தால் வந்து புத்தகப் பையை மூலையில் எறிந்துவிட்டு, இனிப் போகமாட்டேன் என்று அழுதாள். அவளை வகுப்பில் "எஞ்சின்" என்று கூப்பிடுகிறார்களாம்.  இந்த ஏழு பேரையும் விடுவதில்லை என்று அப்போது முடிவு செய்தேன்.

கடையில் ஹமீட் நானாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் ஒரு பிறேமின் காலை நிமிர்த்தியபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீங்க அவங்களுக்கு மூடியப் பத்திப் பாடம் எடுத்திருக்கிறீங்க பிள்ள" என்றார். "இந்தக் கடையில ஆருக்காவது, உங்கட கண் பழுது எண்டு சொல்லி நம்ப வெச்சிருக்கிறமா?"

"இல்லை."

"என்ன செய்வம்?"

"எழுத்துப் பலகையைக் காட்டி வாசிக்கச் சொல்லுவம்."

"அதத்தான் செய்யுங்க. என்ன எழுத்தெண்டு நமக்குத் தெரியும். அவங்க வாசிக்கட்டும்."

அவ்வளவுதான் சொன்னார். எனக்கு உடனே விளங்கிவிட்டது. கண் தெரியாதவர்கள் ஒருபோதும் தெரியவில்லை என்று சொல்ல மாட்டார்கள். பலகையைப் பார்த்து உரத்த குரலில் பிழையாக வாசிப்பார்கள். பதினொரு வருடமாகத் தினமும் பார்க்கிறேன்.

சங்கத்தின் போசகர் எங்கள் பங்குத்தந்தை. பதிவுப் பெட்டி இருக்கிற அறையின் ஒரு திறப்பு அவரிடமும் இருக்கிறது. நெடுத்த மனிசர், றொட்னியைவிட ஒரு சாண் உயரம். மிஷன் வீட்டுக்குப் போய், நாளைக் காலை சூரியன் கிளம்பியதும் ஒரு காஸ் சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு கரையால் நடக்க முடியுமா என்று கேட்டேன்.

"என்னைப் பொய் சொல்லச் சொல்றீரோ?" என்றார் பாதர்.

"இல்லை பாதர். நடக்கத்தான் சொல்லுறன். பொய்யை அவையள் சொல்லுவினம்."

 பாதர் சிரித்துவிட்டார். சனிக்கிழமை காலை, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, வெறும் சிலிண்டரைத் தோளில் ஏற்றிக்கொண்டு கமராவுக்கு முன்னால் நடந்தார். அவர் போய்ப் பத்து நிமிடத்துக்குப் பிறகு நானும் நடந்தேன். எங்கள் வீட்டு வலைச் சாக்கு ஒன்றைத் தோளில் வைத்துக்கொண்டேன். பாதரின் பதிவை நம்பாமல் நிர்வாகம் ஏதும் வாதாடினால் காட்டலாம் என்று ஒரு முன்யோசனை. அதைப் பற்றி றொட்னியிடம்கூடச் சொல்லவில்லை. அவர் இருந்த நிலையில் எதைச் சொன்னாலும் வேண்டாம் என்றுதான் சொல்வார். பாதர் இரண்டு பதிவையும் ஒரு பென் டிரைவில் ஏற்றித் தந்தார்.

ஞாயிறு வந்தது. நிர்வாகம் ஏழு பேர், எஞ்சினைப் பறிகொடுத்த சிங்கராசா, மூலையில் பாதர், சுவரோடு ஒட்டிக்கொண்டு றொட்னி. றொட்னிக்குக் கதிரை கொடுக்கவில்லை. நான் பென் டிரைவை ஜஸ்ரினிடம் கொடுத்தேன்.

"இன்னொரு பதிவு கிடைச்சிருக்கு அண்ணை. அதே கரை, அதே நேரம். இதில நடக்கிறது ஆரெண்டு பாத்துச் சொல்லுங்கோ."

திரையில் மஞ்சள் பரவியது. ஒளிவட்டத்தோடு ஒரு புகை நடந்தது. ஒருவரும் ஐந்து விநாடிகூடப் பார்க்கவில்லை.

"றொட்னியேதான்" என்றார் ஜஸ்ரின். "அதே தோள்."

"இந்த முறை என்ன கொண்டு போறான்? சிலிண்டரோ?" தலைவர் திரைக்குக் கிட்டப் போனார். "எஞ்சின் காணாதெண்டு சிலிண்டரும் தூக்கியிருக்கிறான். ஜஸ்ரின், எழுதும். ரெண்டாவது களவு. ஆருக்கெல்லாம் சிலிண்டர் காணாமல் போனதெண்டு விசாரிக்க வேணும்."

"எனக்கு இது முதலே சந்தேகம்" என்றார் இன்னொருவர். "இப்பிடித் திருட்டு முழி முழிச்சுக்கொண்டு போறான்."

முகமே தெரியாத புகையில் முழியையும் கண்டுபிடித்துவிட்டார்கள். ஜஸ்ரின் சங்கக் கூட்டக் குறிப்புப் புத்தகத்தில் முழுவதையும் எழுதி முடிக்கும்வரை நான் வாயைத் திறக்கவில்லை. மூலையில் பாதர் இருமினார்.

"அது நான்" என்றார்.

ஏழு பேரும் மூலைப் பக்கம் திரும்பினார்கள்.

"நேற்றுக் காலமை மிஷன் வீட்டுச் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு போனனான். என்ர முழியைப் பற்றிச் சொன்னதை மட்டும் எழுதாமல் விட்டால் நல்லது."

அந்த நிமிடத்துக்காக நான் ஒரு கிழமை காத்திருந்தேன் என்பதை மறைக்கப்போவதில்லை. மிகவும் சந்தோசமாக இருந்தது. தலைவரின் கழுத்து சிவந்தது. ஜஸ்ரின் எழுதினதை வெட்டத் தொடங்கினார்.

"வலையை ஏன் அண்ணை படங்கு போட்டு மூடுறீங்கள்?" என்று அவரைக் கேட்டேன்.

"வெயில் பட்டால் நூல் உக்கிப்போகும்."

"அந்த வெயில்தான் இந்த மூடியையும் உக்கப்பண்ணினது. நூலும் பிளாஸ்ரிக், மூடியும் பிளாஸ்ரிக். வலைக்குப் படங்கு போடுறீங்கள். இதுக்கு இருந்த பூச்சையும் உரிஞ்சு எடுத்துப்போட்டு நாலு வருசம் வெயிலுக்கு நேர நிப்பாட்டியிருக்கிறீங்கள். பாதரையும் றொட்னியையும் பிரிச்சுக் காட்டாத கமரா உங்களுக்குச் சாட்சியோ?"

 அமிர்தநாயகம் தலைவராக இருபது வருடம் இருந்தவர், எந்தக் குழிக்குள் விழுந்தாலும் தானே இறங்கிப் பார்த்த மாதிரி எழும்பி வரத் தெரியும். தொண்டையைச் செருமினார்.

"தம்பி றொட்னிக்கு எதிரா எனக்குத் தனிப்பட ஒண்டுமில்லை. கமராவில குறை இருக்கிறதை நானே கவனிச்சுக்கொண்டுதான் இருந்தனான். ஜஸ்ரின், எழுதும். றொட்னி குற்றமற்றவர். படகுச் சங்கிலியை இண்டைக்கே கழட்டுறது." அவரே ஒரு கதிரையை இழுத்துத் தன் பக்கத்தில் போட்டார். "இருங்கோ தம்பி."

றொட்னி வந்து இருந்தார். ஏழு நாட்களுக்குப் பிறகு அவருடைய முதுகு நிமிர்ந்ததைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது. அத்தோடு எழும்பி வீட்டுக்கு வந்திருக்கலாம்.

சிங்கராசா விடவில்லை. அவரைக் குறை சொல்லவும் முடியாது, எஞ்சினைப் பறிகொடுத்தவர் அவர்தான்.

"எல்லாம் சரி. அப்ப என்ர எஞ்சினை எடுத்தது ஆர்?"

எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். பென் டிரைவில் இருந்த இரண்டாவது பதிவு தானாக ஓடத் தொடங்கியிருந்தது. மஞ்சள் வெளிச்சம், ஒளிவட்டம், தோளில் ஏதோ சுமையோடு ஒரு புகை. மூலையில் அதே இரண்டாயிரமாம் ஆண்டு. அது முதல் ஞாயிறு பார்த்த களவுப் பதிவு என்றுதான் அங்கிருந்த எல்லோரும் நினைத்தார்கள். பாதருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும், அது நான் என்று.

"நீங்கள் பாருங்கோ தம்பி" என்று தலைவர் றொட்னியின் முதுகில் தட்டினார். "உங்களுக்குக் கரையில எல்லாற்ற நடையும் தெரியும். ஆர் மாதிரிக் கிடக்கு?"

தெரியவில்லை என்று சொல்ல வேண்டியதுதான் மிச்சம். அதைச் சொல்வார் என்று நான் சிரித்த முகத்தோடு பார்த்துக்கொண்டு நின்றேன். றொட்னி கதிரையை முன்னுக்கு இழுத்துக்கொண்டு திரையை உற்றுப் பார்த்தார். நெற்றியைச் சுருக்கினார். ஏழு பேரும் அவருடைய வாயையே பார்த்தார்கள்.

"இது ஜுனைட்டின்ர நடை மாதிரிக் கிடக்கு" என்றார். "ஐஸ் தூக்கிற ஆக்கள்தான் இப்பிடி வலது பக்கம் சாய்ஞ்சு போவினம்."

அவ்வளவுதான், கந்தோருக்குள் இருந்த இறுக்கம் எல்லாம் இளகிப்போய்விட்டது. எனக்கும் அப்பிடித்தான் பட்டது என்றார் ஒருவர். அவனிட்ட லொறி இருக்கு, எஞ்சினை ஏத்திக்கொண்டு போறது லேசு என்றார் இன்னொருவர். ஜஸ்ரின் புதிய பக்கம் திருப்பி எழுதத் தொடங்கிவிட்டார். அமிர்தநாயகம் கதிரையில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"எங்கட ஆக்களா இருக்காதெண்டு என்ர மனம் முதலே சொன்னது" என்றார்.

"அது நான்" என்றேன்.

ஒருவருக்கும் கேட்கவில்லை போலிருந்தது. நான் போய்த் திரைக்கு முன்னால் நின்றேன்.

"இது களவுப் பதிவில்லை. நேற்று எடுத்தது. இது நான். தோளில இருக்கிறது எங்கட வலைச் சாக்கு."

பாதரும் எழும்பி, ஓம், அது டிலோஜினிதான் என்றார். றொட்னி என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், பிறகு நிலத்தைப் பார்த்தார். பன்னிரண்டு வருடம் என்னோடு ஒரே கூரைக்குக் கீழே வாழ்ந்த மனிசன். ஏழு நாள் தான் பட்ட அவமானத்தை, தன்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனவனின் தலையில் ஏழு நிமிடத்தில் இறக்கி வைத்துவிட்டார், அதுவும் என்னுடைய நடையைக் காட்டி. எனக்கு அவரைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

ஜஸ்ரின் பேனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தலைவரைப் பார்த்தார். 

"சரி, இது நீயெண்டே வைப்பம்" என்றார் தலைவர். "அதுக்காக அதில நடந்தது ஜுனைட் இல்லையெண்டு ஆகுமோ? விசாரிச்சு முடியிற வரைக்கும் ஐஸ் லொறி துறைக்கு வர வேண்டாம்."

நான் கத்தினேன். பாதர் நியாயம் சொன்னார். போசகர் ஆன்மிகக் காரியங்களைப் பார்த்தால் போதும் என்று தலைவர் மிகவும் மரியாதையாகச் சொன்னார். றொட்னியின் விசயத்தில் பழுதாக இருந்த கமரா, ஜுனைட்டின் விசயத்தில் சுகமாகிவிட்டது. றொட்னி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், தெரியாமல் சொல்லிவிட்டேன், வெட்டிவிடுங்கோ என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஜஸ்ரின் வெட்டியிருப்பார். அவர் சொல்லவில்லை. நாளைக் காலை துறை வாசலில் நின்று லொறியை மறிக்கிற பொறுப்பையும் தலைவர் அவரிடமே கொடுத்தார், ஆளை அடையாளம் காட்டியவர் என்ற முறையில்.

வீட்டுக்கு வந்து கேட்டேன்.

"தெரியாட்டித் தெரியாதெண்டு சொல்லுறதுதானே?"

"தெரியாதெண்டு சொன்னால் திரும்ப என்னைத்தான் பிடிப்பாங்கள்" என்றார். "ஆரையாவது காட்டினால்தான் விடுவாங்கள்."

அவர் சொன்னது உண்மை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரத்தை மூட்டியது. 

திங்கட்கிழமை விடிந்ததும் நான் பிரதான வீதிக்குப் போய் ஜுனைட்டின் லொறியை மறித்து, முன் சீற்றில் ஏறினேன். துறைக்குத்தான் போகிறேன் என்றேன். அவனுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. நானும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர் துறை வாசலில் நிற்கிறார். ஜுனைட் வழி நெடுக, ஐஸ் தொழிற்சாலையில் கரண்ட் வெட்டு என்று கதைத்துக்கொண்டு வந்தான்.

வாசலில் குறுக்கே ஒரு நைலோன் கயிறு கட்டியிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு, சங்கத்தின் தொப்பி ஒன்றும் போட்டுக்கொண்டு றொட்னி நின்றார். லொறி நின்றது. முன் சீற்றில் என்னைக் கண்டதும் அவருடைய முகம் வெளிறியது.

"என்ன மச்சான், சங்கத்தில வேலை தந்திட்டாங்களோ?" என்று ஜுனைட் சிரித்தபடி யன்னலால் தலையை நீட்டினான். "கயித்த அவிழுங்க, ஐஸ் கரையுது."

"எஞ்சினை எடுத்தது ஆரெண்டு ஜுனைட்டிட்ட நீங்களே சொல்லுங்கோ" என்றேன் நான், என் புருசனைப் பார்த்து.

ஜுனைட் என்னைப் பார்த்தான், பிறகு அவரைப் பார்த்தான். சிரிப்பு அவன் முகத்திலிருந்து மெல்ல மெல்லப் போனது.  றொட்னி சொல்வதற்காகக் காத்திருந்தான். லொறியின் பின்பக்கத்திலிருந்து ஐஸ் தண்ணீர் மணலில் ஒழுகிக்கொண்டிருந்தது.

றொட்னி கயிற்றை விடவில்லை. தலையைத் திருப்பி, சங்கக் கந்தோர்ப் பக்கமாக, தலைவர் வாசலில் நின்று பார்க்கிறாரா என்று பார்த்தார்.